வெள்ளைச் சீலை கட்டினால்தான் பாட்டா?

அண்மையில் ஒரு பேச்சுப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். தமிழிசை வளர்த்த பெண்கள் பற்றிப் பேச வேண்டும். ஒன்பது பேர் பேசினார்கள். அதில் நாலு பேர் கே.பி. சுந்தராம்பாளை எடுத்திருந்தார்கள். நாலு பேரும் கைதட்டு வாங்கினது ஒரே இடத்தில்தான்: இருபத்தைந்து வயதில் கணவனை இழந்து, வெண்ணிற ஆடை உடுத்தி, இனி எந்த ஆடவனோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்து, கற்பு நெறி தவறாமல் கலைக்குத் திரும்பிய உத்தமி. நடுவர்கள் தலையாட்டினார்கள். முன்வரிசை அம்மாமார் கண் துடைச்சினம். எனக்குப் பக்கத்தில் சித்தி இருந்தவா. அவா கை தட்டேல்லை. சீலைத் தலைப்பை மடிச்சு மடிச்சு விரிச்சுக்கொண்டிருந்தவா.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொரு காரணத்துக்காக. நாலு பேரில் ஒருத்தர்கூட சுந்தராம்பாள் எப்படிப் பாடினார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன உடுத்தினார் என்று சொன்னார்கள், யாரோடு நடிக்கவில்லை என்று சொன்னார்கள், என்ன சாப்பிடாமல் விட்டார் என்றுகூட ஒரு தங்கச்சி சொன்னா. பாட்டு? அது ஏதோ இந்த விரதங்களுக்குக் கிடைத்த பரிசு மாதிரி கடைசியில் ஒரு வரியில் வந்து போனது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலை அறிமுகம் செய்யத் தேவையில்லை. திருவிழாக் காலத்தில் விடிய ஐந்து மணிக்குக் கோயில் லவுட்ஸ்பீக்கர் எங்களை எழுப்புவது அந்தக் குரலால்தான். ‘திருவிளையாடல்’ படத்தில் மாம்பழத்துக்குக் கோவிச்சுக்கொண்டு மலைக்குப் போன முருகனை ஔவை வந்து சமாதானம் செய்கிற பாட்டு இல்லாமல் எங்கட ஊரில் ஒரு கொடியேற்றம் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் சொல் விளங்க வேண்டும் என்று பழகின தொண்டை அது. மேல் ஸ்தாயியில் போய் நிற்கும்போது குரல் மெலியாது, அகலும். ஒரு சொல்கூடச் சிதையாது. இப்ப நாங்கள் சங்கீதம் படிக்கும்போது சாகித்தியத்தை மென்று விழுங்குகிறோமே, அந்த வியாதி அவரிடம் துளியும் இல்லை. இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். யாரும் முயற்சி செய்வதில்லை.

அவருடைய கதையை ஒருக்கால் ஒழுங்காகச் சொல்லிப் பார்ப்போம். 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த, வறுமையில் வளர்ந்த ஒரு நாட்டுப்புறப் பிள்ளை. ரயிலில் பாடிக் காசு வாங்கினவர் என்று சொல்வார்கள். சின்ன வயதிலேயே நாடகக் கம்பனிக்குப் போனார். அந்தக் கம்பனிகளுக்கு இலங்கை ஒரு பெரிய சந்தை. கப்பல் ஏறி வந்து மாதக்கணக்கில் ஆடிவிட்டுப் போவார்கள். சுந்தராம்பாளும் அப்படி வந்தவர். இந்தியாவில் நட்சத்திரம் ஆவதற்கு முதலே எங்கட நாட்டுச் சனம் அவரைக் கொண்டாடியிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை. 1926இல் கொழும்பில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறுகிறார். அவர் வேலன், இவர் வள்ளி. செங்கோட்டைக் கிட்டப்பா அப்போதே பெரிய நட்சத்திரம், பிராமணர், ஏற்கெனவே கலியாணம் கட்டினவர். அடுத்த வருஷம் இருவரும் திருமணம் செய்தார்கள். சேர்ந்து வாழ்ந்த காலம் சொற்பம். பிறந்த பிள்ளை தங்கவில்லை. கிட்டப்பா விலகிப் போனார். சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. அதை வாசிச்சால் தெரியும், அங்கே இருப்பது பேச்சுப் போட்டிப் பதிவிரதை இல்லை. ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை என்று கேள்வி கேட்கிற, ஏங்குகிற, கோபிக்கிற, குத்திக் காட்டுகிற ஒரு இளம்பெண். 1933 டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா இறக்கிறார். இருபத்தேழு வயது.

அதோடு சுந்தராம்பாள் மேடையை விட்டார். வெள்ளை உடுத்தார்.

பிறகு திரும்பினார். இந்தத் ‘திரும்பினார்’ என்ற சொல்லில்தான் எனக்குப் பிரச்சினை. யார் சொல்லித் திரும்பினார் என்பதற்கு எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. காந்தி சொன்னார், சத்தியமூர்த்தி சொன்னார், தேசம் அழைத்தது. பெண் தானாக வாசலைத் தாண்ட மாட்டா, யாராவது பெரிய மனிசர் வந்து கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். சரி, சத்தியமூர்த்தியோடு காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினது உண்மை. 1937 தேர்தலில் அந்தக் குரல் வாங்கிக் கொடுத்த கூட்டம் சின்னக் கூட்டம் இல்லை. ஆனால் ‘நந்தனார்’ படம் 1935இலேயே வந்துவிட்டது. கிட்டப்பா இறந்து இரண்டே வருஷம். அந்தப் படத்துக்கு அவர் வாங்கின சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935இன் ஒரு லட்சம்! படம் எடுக்க வந்தவரைக் கலைத்து விடுவதற்காகத்தான் அவ்வளவு பெரிய தொகை கேட்டார், அவர் சரி என்றுவிட்டார் என்று ஒரு கதை சொல்லுவினம். அப்படியே இருந்தாலும் என்ன? தன்ர விலையைத் தானே சொன்னவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அவருடைய கை. பேச்சுப் போட்டியில் இந்த ஒரு லட்சம் வரவே வராது. உத்தமிக்குச் சம்பளம் பேசத் தெரியும் என்று சொன்னால் கண்ணீர் காய்ந்து போகும் அல்லவா.

இனி அவர் திரும்பி வந்து ஏற்ற வேஷங்களைப் பாருங்கள். ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார், ஆண் வேஷம். (படம் பெரிதாக ருசிக்கவில்லை, கல்கி அதைக் கிழித்துத் தொங்கவிட்டது இன்றைக்கும் பிரசித்தம்.) 1940இல் மணிமேகலை. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1973இல் காரைக்கால் அம்மையார்.

இந்தப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றினது. மணிமேகலை: இளமையையும் ஆசையையும் துறந்து பிக்குணி ஆனவள். ஔவை: கலியாணத்துக்குத் தப்ப இளமையை எடுத்துவிட்டு முதுமையைத் தா என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கினவள். காரைக்கால் அம்மையார்: புருஷன் விட்டுப்போன பின் இந்தத் தசையெல்லாம் எனக்கு எதற்கு என்று உதறிப் பேயுருவம் வாங்கினவள். கவுந்தி: கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணாதிருந்து உயிர் விட்டவள். நந்தன்? தில்லைக்குள் போக நெருப்புக்குள் இறங்கி எழ வேண்டியிருந்தவன்.

ஐந்து பேரும் பாட்டுக்கோ ஞானத்துக்கோ கோயிலுக்கோ போகிற வழியில் உடம்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனவர்கள். செருப்புக் கழற்றுவது மாதிரி. நந்தனுக்கு அது சாதிக்காக, மற்ற நாலு பேருக்கும் பெண்ணாகப் பிறந்ததுக்காக. நந்தன் கதை பழைய கதை என்று நினைக்கிற ஆட்கள் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தவர்களின் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அந்த வாசல் எங்கட வாசல்.

சுந்தராம்பாளுக்கு அந்த வேஷங்களை விட்டால் வேறு என்ன இருந்தது? ஜோடி இல்லாத கதாநாயகியைத் தமிழ் சினிமா எங்கே வைத்திருந்தது? ஒன்றில் துறவி, ஒன்றில் கிழவி, ஒன்றில் பேய். ஔவையாராக நடித்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. எங்கட அம்மாமாரின் வயது. அந்த வயதில் ஆண் நடிகர்கள் கல்லூரி மாணவராக மரத்தைச் சுற்றி ஓடின காலம் பிறகு வந்தது, இன்னும் போகவில்லை.

அதே காலத்து ஆம்பிளை ஒருவர் திரும்பி வந்ததைப் பார்ப்போம். எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஆள் கைது. இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. 1947இல் விடுதலையாகி வந்தார். அடுத்த வருஷமே ‘ராஜமுக்தி’ வந்தது, அதிலும் அவர்தான் கதாநாயகன், அதே பட்டு, அதே காதல். பிறகு படங்கள் ஓடவில்லை, அது வேறு சோகம். நான் கேட்பது ஒன்றுதான்: இனிமேல் எந்தப் பெண்ணோடும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வா என்று பாகவதரிடம் யாராவது கேட்டார்களா? கிழவன் வேஷம்தான் உனக்கு இனி என்று சொன்னார்களா? கொலை வழக்கிலிருந்து வந்த ஆணுக்குப் பழைய சிம்மாசனம் அப்படியே இருந்தது. புருஷன் செத்த பெண்ணுக்குத்தான் நிபந்தனை.

உங்களில் கனடாச் சொந்தக்காரர் உள்ளவர்கள் ஷனாயா ட்வெய்னைக் கேட்டிருப்பீர்கள். கன்ட்ரி இசையில் கொடிகட்டிப் பறந்தவர். 2002க்குப் பிறகு பதினைந்து வருஷம் புது ஆல்பமே இல்லை. இடையில் விவாகரத்து, நோயால் குரல் பாதிப்பு. மறுமணமும் செய்துகொண்டு, 2017இல் புது ஆல்பத்தோடு வந்தார். குரல் முந்தி மாதிரி இல்லை, மாறித்தான் இருந்தது. அவரை விமர்சிக்க ஆட்கள் இருந்தார்கள், ஆனால் பேச்சு குரலைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் நடந்தது. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தன் முறிவைத் தானே, தன் வாயால், தன் பாட்டில் சொல்ல அவருக்கு இடம் இருந்தது. சுந்தராம்பாளின் முறிவை அவர் பாட்டில் எங்கேயாவது நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? முருகனைக் கூப்பிடுகிற குரலுக்குள் ஒளித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. ஒருவேளை அதனால்தான் அந்தக் குரல் அப்படிக் கிழிக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். ஆதாரம் கேட்காதீர்கள், விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் கேளுங்கள்.

இப்ப ஒருவர் கையை உயர்த்துவார். வெள்ளை உடுத்தினது அவருடைய சொந்த முடிவு, அதைக் கொச்சைப்படுத்தாதே என்று. நான் அவரைக் கொச்சைப்படுத்தவில்லை. 1930களில் நாடக நடிகை என்றால் ஊர் எப்படிப் பார்க்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இருபத்தைந்து வயது, அழகு, காசு, புகழ், புருஷன் இல்லை. முதலாளி, மனேஜர், ரசிகர் எல்லாரும் கதவைத் தட்டுகிற நேரத்தில் வெள்ளைச் சீலையும் சபதமும் ஒரு கவசம். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் காரியம் பார்த்தார். 1951இல் சென்னைச் சட்ட மேலவைக்குப் போனார். கொடுமுடியில் சொந்தமாகத் தியேட்டர் கட்டினார். அறுபது வயதுக்குப் பிறகு ‘துணைவன்’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வாங்கினார். கவசம் தேவைப்பட்ட சண்டையை அவர் வென்றிருக்கிறார். என்ர கோபம் கவசத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூப்போட்டுவிட்டு, சண்டையைப் பற்றிக் கதைக்காமல் விடுகிற எங்களோடுதான். அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றது யார்? முன்வரிசையில் கண் துடைத்தவர்களின் தாத்தாமார், என்ர தாத்தாவும் சேர்த்து.

அதோடு, இந்தப் புகழ்ச்சி செத்தவரோடு நின்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அது உயிரோடு இருக்கிறவர்களுக்கான சட்டமாக மாறுகிறது. கணவர் சதாசிவம் 1997இல் இறந்த பின் எம்.எஸ். சுப்புலட்சுமி பொது மேடையில் பாடவில்லை. அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. ஓய்வு எடுக்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் எங்கட ஆட்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்: “அவர் போனதோட அவாவின்ர பாட்டும் போச்சு, அதுதான் பெண்.” ஒருத்தி நிறுத்தினால் அதுதான் பெண், இன்னொருத்தி வெள்ளை உடுத்துத் திரும்பினால் அதுவும்தான் பெண். நிறம் உடுத்துத் திரும்புகிறவளுக்கு மட்டும் பெயர் வேறு.

2010இல் அரசின் பிரதி அமைச்சர் ஒருவர் சொன்ன கணக்கின்படி வடக்கு கிழக்கில் யுத்தத்தால் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர். அதற்குள் வராத, புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், பொட்டு வைக்கிறதா அழிக்கிறதா என்று தெரியாமல் படத்தோடு தெருவில் இருக்கிற பெண்கள் தனி. இந்த ஆயிரக்கணக்கில் எத்தனை பேர் பாடக்கூடியவர்கள்? யாழ்ப்பாணத்துப் பெட்டையளில் முக்கால்வாசி ஏதோ ஒரு வயதில் வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைக்குப் போனவர்கள்தானே. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பக்கம் போய்ப் பாருங்கள், சங்கீத வகுப்பு நிறையப் பெட்டையள். பிறகு எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் கலியாணத்தோடு தொண்டை அடைத்துப்போகும். அது தனிக் கட்டுரை. அந்த முதல் அடைப்பைத் தாண்டி வந்தவளுக்கு இரண்டாவது அடைப்பு இருக்கிறது.

சித்தி ஆறாம் தரம் வரை பாஸ். கலியாணத்துக்குப் பிறகும் பாடினவா. சித்தப்பா ஹார்மோனியம் வாசிப்பார். கிளிநொச்சியில் இருக்கும்போது அயலில் எந்தக் கலியாணத்துக்கும் பொன்னூஞ்சல் பாட இவாவைத்தான் கூப்பிடுவினம். 2009 மாசியில் சித்தப்பா ஷெல் பட்டுச் செத்தார். சித்திக்கு முப்பத்தொரு வயது. முகாமால் வெளியில வந்து ஊரோட சேர்ந்த பிறகும் பாடக் கூப்பிடுகிறார்கள்தான், எதற்கு? செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாட. எட்டுச் செலவுக்கு, அந்தியேட்டிக்குச் சிவபுராணம் பாட. பிள்ளைகளை அனுப்பிச் சங்கீதமும் படிப்பிக்கிறார்கள். பின்னேரம் எங்கட விறாந்தை நிறையச் சின்னன்கள். விதவையிடம் சரளி வரிசை படிக்கலாம். விதவை பாடிக் கலியாணம் தொடங்கக்கூடாது. இவா படிப்பித்த பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு இவாவே போகாமல் வீட்டில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் வராதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லாத அளவுக்குச் சட்டம் நன்றாகப் படிந்திருக்கிறது.

அண்டைக்குப் பேச்சுப் போட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது நான் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தேன். சித்தி யன்னலால் பார்த்துக்கொண்டே சொன்னா, “அந்த மனிசி ஒரு லட்சம் கேட்டது, பிள்ளை. எனக்கு அந்தியேட்டிக்கு ஒரு சீலையும் தேங்காயும்.” சிரிச்சவா. எனக்குச் சிரிப்பு வரேல்லை.

எங்கட குழுவில் இதைக் கதைத்தோம். வழக்கம்போல ஒருத்தன் சொன்னான், பெண்கள் தினத்துக்கு ‘தடைகளைத் தாண்டிய பெண் கலைஞர்கள்’ என்று ஒரு கௌரவிப்பு வைக்கலாம், பொன்னாடை போர்த்தலாம் என்று. வேண்டாம். பொன்னாடையும் வெள்ளைச் சீலையின் இன்னொரு நிறம்தான். கலியாண வீட்டுக்குக் கூப்பிடுங்கள், காசு கொடுத்துக் கூப்பிடுங்கள். உங்கட அக்காவின் பொன்னூஞ்சலுக்கு, உங்கட தங்கச்சியின் சாமத்திய வீட்டுக்கு. அம்மம்மா முகத்தைத் திருப்புவா, ஐயர் இருமுவார். அதை வாங்கிக்கொள்ள ஏலாதவர்கள் முகநூலில் ஔவையார் படம் போடுவதை நிறுத்தலாம்.

வாற ஆவணியில் என்ர ஒன்றுவிட்ட அண்ணாவின் கலியாணம். பொம்பிளை வீட்டுக்காரர் ஒருமாதிரி இறங்கி வந்திட்டினம். கஷ்டப்பட்டது சித்தியைச் சம்மதிக்க வைக்கத்தான். மூன்று கிழமை மாட்டன் எண்டவா. என்ன நிறம் உடுக்கப் போறா என்று நான் கேட்கவில்லை, அவாவும் சொல்லவில்லை. நேற்றுப் பின்னேரம் சின்னன்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, போனில சுருதி ஆப்பைப் போடச் சொன்னா. ஐந்தரைக் கட்டையில் வைத்தேன். இரண்டு தரம் முயற்சி செய்துவிட்டு, செருமிக்கொண்டு சொன்னா:

“உது அந்த நாளையில. நாலரைக்கு இறக்கு, பார்ப்பம்.”